ஓட்டை ரயிலில் உலகைச் சுற்றி

ரயில் பெட்டியின் பக்கச் சுவரில் வட்டமாக ஓர் ஓட்டை. அதன் இரும்பு மூடியைத் திறந்து, ஒருவனின் கையைத் தோள்பட்டை வரைக்கும் திணித்து வெளியே நீட்டுகிறார்கள். வெளியே உலகமே உறைந்து கிடக்கிறது. அவன் கழுத்தில் கடிகாரம் தொங்குகிறது. ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தையும் வீணாக்காமல், தடித்த கண்ணாடியும் துருத்திய பல்லுமாக ஒரு பெண் அதிகாரி அவன் தலைமேல் ஒரு ஷூவை வைத்துப் பாடம் நடத்துகிறார். தலையில் இருக்க வேண்டியது தொப்பி, ஷூவின் இடம் கால். முன்பெட்டிக்காரர்கள் தொப்பி, கடைசிப் பெட்டிக்காரர்கள் ஷூ. நேரம் முடிந்து கையை உள்ளே இழுத்தால் அது பனிக்கட்டி. பெரிய சம்மட்டியால் ஒரே போடு.

2013-இல் வெளியான 'ஸ்னோபியர்சர்' படத்தின் தொடக்கத்தில் வரும் காட்சி இது. பார்க்கிறவருக்கு அடிவயிறு கலங்கும். கலக்கம் அடங்கிய பிறகு மெல்ல ஒரு கேள்வி எட்டிப் பார்க்கும். ஏழு நிமிடத்தில் கை கல்லாகிற குளிர் என்றால், ஓட்டைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்குப் பல்கூடக் கிட்டவில்லையே, எப்படி?

ரயிலின் சுவரில் இருப்பது ஓர் ஓட்டைதான். கதையில் இருப்பவற்றை எண்ணக் கை விரல்கள் போதாது. இருந்தும், எதிர்காலம் கெட்டுக் குட்டிச்சுவரானதைச் சொல்லும் டிஸ்டோபியா படங்களின் பட்டியலை யார் போட்டாலும் இந்தப் படத்தைத் தவிர்க்க முடிவதில்லை. தென்கொரியாவின் மக்கள்தொகை சுமார் 5 கோடி. அங்கே மட்டும் இதற்கு 90 லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்றன. ஓட்டைகளைக் கண்டுபிடித்துச் சிரித்தவர்களே மறுபடி உட்கார்ந்து பார்க்கிறார்கள். காதில் பூ சுற்றுகிறார்கள் என்று தெரிந்தும் காதைக் காட்டிக்கொண்டு உட்காருவது ஏன்?

இனிமேல் வரும் பத்திகளில் கதை முழுவதும் வெளிப்பட்டுவிடும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து தொடரலாம். பத்திரிகை எங்கும் ஓடிவிடாது.

இயக்குநர் போங் ஜூன் ஹோ. 'பாரசைட்' படத்துக்காக 2020-இல் நான்கு ஆஸ்கர் விருதுகளைக் குவித்தவர். அந்தச் சமயத்தில், 'பாரசைட்' கதை விஜய் நடித்த 'மின்சாரக் கண்ணா'வின் சாயல் என்று சென்னையில் ஒரு சர்ச்சை கிளம்பியது நினைவிருக்கலாம். அதற்கெல்லாம் பல ஆண்டுகள் முன்பு, சியோலில் ஹோங்கிக் பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஒரு காமிக்ஸ் கடையில் அவர் கண்ணில் ஒரு பிரெஞ்சு சித்திரக்கதை பட்டது. ழாக் லோப் எழுதி, ழான்-மார்க் ரோஷெத் வரைந்து, 1982-இல் தொடராக வெளிவரத் தொடங்கிய கதை. போங் கடையில் நின்றபடியே அதைப் படித்து முடித்திருக்கிறார். உறைந்த உலகம், நிற்காத ரயில், பெட்டிக்குப் பெட்டி வேறுபடும் வர்க்கம்: இந்த எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆட்களையும் சம்பவங்களையும் புதிதாக எழுதினார். படத்தில் கடைசிப் பெட்டியில் ஓர் ஓவியர் கரித்துண்டால் ஓயாமல் வரைந்துகொண்டிருப்பார். அந்தப் படங்களை உண்மையில் வரைந்தது ரோஷெத்தின் கைதான்.

படத்தின் கதை 2014 ஜூலை 1 அன்று தொடங்குகிறது. பூமி சூடாவதைத் தடுக்க, 79 நாடுகள் சேர்ந்து 'சிடபிள்யூ-7' என்ற ரசாயனத்தை வானில் தெளிக்கின்றன. மருந்து தேவைக்கு மேல் வேலை செய்துவிடுகிறது. உலகம் உறைகிறது. மிஞ்சியவர்கள் வில்ஃபோர்டு என்ற கோடீஸ்வரர் கட்டிய ரயிலில் இருப்பவர்கள் மட்டும். 17 ஆண்டுகளாக அது நிற்காமல் ஓடுகிறது. முன்பெட்டிகளில் மதுவிடுதி, வெந்நீர்க் குளியல், சூஷி. கடைசிப் பெட்டியில் அடுக்கு அடுக்காக மனிதர்கள். சாப்பாட்டுக்குக் கருப்பாக, வழவழவென்று ஒரு புரதக் கட்டி. 'கேப்டன் அமெரிக்கா'வாகத் தெரிந்த கிறிஸ் எவான்ஸ் இங்கே கிழிந்த கம்பளித் தொப்பியோடு கர்ட்டிஸ் என்ற கலகத் தலைவர். கடைசிப் பெட்டியிலிருந்து எஞ்சின் வரை ஒவ்வொரு கதவாக உடைத்துக்கொண்டு போவதுதான் கதை.

இனி ஓட்டைகள்.

முதலில் ரசாயனம். இது முழுக்க ஆகாசக் கோட்டை இல்லை. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸில் பினாடுபோ எரிமலை வெடித்து, ஒன்றரைக் கோடி டன்னுக்கும் மேல் கந்தக டை ஆக்சைடை வளிமண்டலத்தின் மேலடுக்குக்கு அனுப்பியது. அது நுண்துளிகளாகப் பரவி வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பியதில், அடுத்த ஆண்டு பூமியின் சராசரி வெப்பம் ஏறத்தாழ அரை டிகிரி குறைந்தது. எரிமலை செய்ததை மனிதனும் செய்து பார்க்கலாமா, ஆராய வேண்டும் என்று ஓசோன் ஆய்வுக்காக நோபல் பெற்ற பால் குருட்சன் 2006-இல் எழுதியபோது விஞ்ஞானிகளிடையே பெரிய விவாதமே நடந்தது. ஆக, வானில் மருந்தடிக்கும் யோசனை நிஜம். ஆனால் பினாடுபோவின் நுண்துளிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் கீழே படிந்து, வெப்பம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. படத்தின் குளிரோ 17 ஆண்டுகள் நீடிக்கிறது.

படத்துக்காக வாதாட நினைப்பவருக்கு ஒரு பிடி உண்டு. வெள்ளைப் பனி வெயிலைக் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்பும். பனி கூடக் கூடக் குளிர் கூடும், குளிர் கூடக் கூடப் பனி கூடும். சுமார் 70 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி ஏறத்தாழ முழுவதுமே உறைந்திருந்தது என்றும், அது கோடிக்கணக்கான ஆண்டுகள் நீடித்தது என்றும் புவியியலாளர்கள் சொல்கிறார்கள். 17 ஆண்டு எம்மாத்திரம்? இந்த ஓட்டையை எப்படியோ ஒட்டுப்போட்டுவிடலாம்.

ரயிலை ஒட்டுப்போட முடியாது.

படத்தின் கணக்குப்படி தண்டவாளத்தின் நீளம் 4,38,000 கிலோமீட்டர். ரயில் அதை ஒரு முறை சுற்றிவர மிகச் சரியாக ஓர் ஆண்டு ஆகும். ஒரு பென்சிலை எடுத்து 365-ஆல் வகுத்தால் நாளைக்கு 1,200 கிலோமீட்டர் வரும். அதை 24-ஆல் வகுத்தால் மணிக்கு 50 கிலோமீட்டர். மீதமே இல்லை, அவ்வளவு சுத்தமான கணக்கு. யாரோ உட்கார்ந்து கவனமாகப் போட்டிருக்கிறார்கள். சிக்கல், 50 கிலோமீட்டர் என்பது பாசஞ்சர் ரயிலின் வேகம். திரையில் தெரியும் ரயிலோ பனிச்சுவர்களைத் தூள்தூளாக்கிக்கொண்டு அம்புபோலப் பாய்கிறது. பூமியின் சுற்றளவே 40,000 கிலோமீட்டர் சொச்சம்தான். அதைப்போல் பதினொரு மடங்கு நீளத் தண்டவாளத்தை 17 ஆண்டுகளாக யார் பராமரிக்கிறார்கள்? குளிரில் இரும்பு சுருங்கும், பாலத்தின் அடியில் பனி தள்ளும், ஒரு போல்ட் கழன்றால் போதும். வெளியே இறங்கிச் சாவி போட்டு முடுக்க ஓர் உயிர் கிடையாது.

எஞ்சின் கதை இன்னும் வேடிக்கை. அது 'நிரந்தர எஞ்சின்'. எரிபொருள் என்று எதையும் படம் காட்டவில்லை. ஓடுவதாலேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுபோல் விட்டுவிடுகிறார்கள். பழைய சைக்கிளில் டைனமோ விளக்கு வைத்து ஓட்டியவர்களுக்கு இதில் உள்ள வில்லங்கம் உடனே புரியும். டைனமோவை டயரில் சாய்த்த மறுகணமே பெடல் கனக்கும். விளக்கு எரிவதற்கான சக்தி காலிலிருந்து போகிறது, வேறெங்கிருந்தும் வரவில்லை. இந்த ரயிலில் எரிவது ஒரு விளக்கா? ஆயிரக்கணக்கானோருக்கு வெப்பம், தோட்டத்துக்கு வெளிச்சம், மீன்தொட்டிக்கு மோட்டார், மதுவிடுதிக்கு வண்ண விளக்கு எல்லாம். பெடலை மிதிப்பவர் யார்?

ரயிலின் உள்ளமைப்பைப் பார்த்தால் இன்னும் சிரிப்பு வரும். வழி ஒன்றே ஒன்று, நேர்க்கோடு. தோட்டம், மீன்தொட்டி, இறைச்சிக் கிடங்கு, பள்ளிக்கூடம், தையல்கடை, பல் மருத்துவர், வெந்நீர்க் குளியல், மதுவிடுதி எல்லாம் வரிசையாக. மீன்தொட்டிப் பெட்டியில் சூஷி செய்பவருக்குப் பல்வலி வந்தால், நடக்கும் வகுப்பின் குறுக்கே நடந்துதான் போயாக வேண்டும். மாட்டு இறைச்சி கொக்கியில் தொங்குகிறது, மாடு எங்கே என்று தெரியாது. இத்தனை பேர் படுத்துறங்கும் அறைகளை ஏறத்தாழப் பார்க்கவே முடிவதில்லை. கத்திக்குத்து வாங்கிச் செத்துவிட்டான் என்று விட்டுவிட்டுப் போன அடியாள், கொஞ்ச நேரத்தில் எழுந்து பின்னாலேயே வருகிறான்.

புரதக் கட்டியை மறக்கக் கூடாது. அது எதில் செய்யப்படுகிறது என்று கர்ட்டிஸ் ஓர் இயந்திரத்துக்குள் எட்டிப் பார்ப்பார். லட்சக்கணக்கில் கரப்பான் பூச்சிகள். நடிகர்கள் படப்பிடிப்பில் மென்றது கடற்பாசியும் சர்க்கரையும் ஜெலட்டினும் சேர்த்த வஸ்து. பூச்சி தின்பது அப்படியொன்றும் உலகில் இல்லாத வழக்கமும் அல்ல. படம் வெளியான அதே 2013-இல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் ஏறக்குறைய 200 கோடிப் பேரின் வழக்கமான உணவில் பூச்சிகளும் உண்டு என்றது அது. விஷயம் அதுவல்ல. அந்தக் கரப்பான்களுக்கு யார் சாப்பாடு போடுகிறார்கள்? கரப்பானும் காற்றைத் தின்று பெருகாது.

இப்படி நொட்டை சொல்லிக்கொண்டே போகலாம். சொல்வதிலும் ஒரு சுகம் இருக்கிறது. படம் பார்த்துவிட்டு டீக்கடையில் நிற்கும் அரைமணி நேரம் எதற்கு இருக்கிறது? ஆனால் இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை படம் ஓடும்போது எழுவதே இல்லை. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இந்த வகை ஓட்டைகளுக்கு ஒரு பெயரே வைத்திருந்தார்: 'ஐஸ்பெட்டிக் காட்சி'. படம் பார்த்தவர் வீட்டுக்குப் போய், பசிக்கு ஐஸ்பெட்டியைத் திறந்து மிச்சமிருக்கும் கோழியை எடுக்கும்போதுதான் அந்த ஓட்டை உறைக்கும் என்பது அவர் விளக்கம். அவருடைய 'வெர்டிகோ'வில் ஒரு பெண் ஹோட்டல் மாடிக்குப் போகிறாள், பின்தொடர்பவர் போய்ப் பார்த்தால் ஆளே இல்லை. எப்படி மறைந்தாள் என்று படம் கடைசிவரை சொல்லாது. வீட்டுக்குப் போகிறவரை ரசிகர் அதைக் கேட்கவில்லை என்றால், தன் வேலை முடிந்தது என்று ஹிட்ச்காக் நினைத்தார். எதற்கெடுத்தாலும் நம்பும்படியாக இல்லை என்று குறுக்கே வருகிற விமர்சகர்களை அவர் கேலியாகவே பேசுவார்.

இது ஹிட்ச்காக்குக்குச் செல்லும். எல்லோருக்கும் செல்லாது என்பதற்கு, 'ஸ்னோபியர்சர்' கொரியாவில் வெளியான அடுத்த வாரமே அமெரிக்காவில் வந்த ஒரு படம் சாட்சி. நீல் ப்ளோம்காம்ப் இயக்கிய 'எலிசியம்'. மாட் டேமனும் ஜோடி ஃபாஸ்டரும் நடித்தது. 'ஸ்னோபியர்சர்' செலவு சுமார் 4 கோடி டாலர். 'எலிசியம்' அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். கரு ஒன்றேதான். 2154-ஆம் ஆண்டில் பணக்காரர்கள் விண்வெளியில் ஒரு சக்கரத்தில் சொகுசாக வாழ்கிறார்கள், மற்றவர்கள் கீழே பூமியில் வதைபடுகிறார்கள். மேலே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கட்டில். படுத்தால் சில நொடிகளில் எந்த நோயும் போய்விடும், ரத்தப் புற்றுநோய் உட்பட.

படத்தின் முடிவில் கணினியில் ஒரு வரியை மாற்றுகிறார்கள். உடனே அந்தக் கட்டில்களை ஏற்றிக்கொண்டு மருத்துவ விமானங்கள் பூமிக்குக் கிளம்பிவிடுகின்றன. அப்படியென்றால், விமானம் தயாராக இருந்தது, கட்டில் தயாராக இருந்தது, பெரிய செலவு இருந்ததாகவும் தெரியவில்லை. இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை? கொடுத்திருந்தால் பூமியிலிருந்து யாரும் உயிரைப் பணயம் வைத்து மேலே வந்திருக்கவே மாட்டார்கள், பணக்காரர்களுக்கும் நிம்மதி. இந்தக் கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை. கதை முடிகிற கையோடு இருக்கையிலேயே அது எழுந்துவிடுகிறது. ஐஸ்பெட்டி வரை போகக் காத்திருப்பதில்லை. கதை போதுமான அளவு உருவாகாமலே எடுத்துவிட்டதாக ப்ளோம்காம்ப்பே பின்னாளில் ஒரு பேட்டியில் வருத்தப்பட்டுக்கொண்டார்.

'எலிசியம்' விஞ்ஞானத்தில் கோட்டை விட்டதைவிட, மனிதர்களில் கோட்டை விட்டதுதான் அதிகம். சில நொடியில் புற்றுநோயைத் தீர்க்கும் கட்டிலை ரசிகர் பேசாமல் ஏற்றுக்கொண்டார். அதை வைத்திருப்பவர் ஏன் பூட்டி வைத்தார் என்பதற்குக் காரணம் வராதபோதுதான் முகம் சுளித்தார். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்கிற பழமொழியில் 'பொருந்த' என்கிற சொல்தான் கவனிக்க வேண்டியது. அறிவியலோடு பொருந்தாவிட்டால் போகிறது. சொல்கிறவர் தொடங்கிய பேச்சோடு பொருந்த வேண்டும்.

'ஸ்னோபியர்சர்' அந்த இடத்தில் கெட்டி. ஏன் ரயில், ஒரு கட்டடம் கட்டி உட்கார்ந்திருக்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். பள்ளிக்கூடப் பெட்டியில் குழந்தைகளுக்குப் போட்டுக்காட்டும் பிரசாரப் படத்தில் பதில் இருக்கிறது. வில்ஃபோர்டு சிறு வயதிலிருந்தே ரயில் பைத்தியம். உலகம் உறைவதற்கு முன்பே சொகுசுச் சுற்றுலாவுக்காக அந்தப் பாதையை அமைத்தவர். பொறியாளரின் காரணமாக எடுத்துக்கொண்டால் இது செல்லாக்காசு. பணக்காரக் கிறுக்கரின் காரணமாக எடுத்துக்கொண்டால் கச்சிதம்.

டிக்கெட் இல்லாமல் ஏறிய கடைசிப் பெட்டிக்காரர்களை அப்போதே இறக்கிவிடாமல் ஏன் 17 ஆண்டு சோறு போட்டார்கள் என்பது அடுத்த கேள்வி. படத்தின் முதல் கால்மணி நேரத்தில், முன்பெட்டியிலிருந்து மஞ்சள் கோட்டுப் பெண் ஒருத்தி அளவுநாடாவோடு வந்து, சிறு குழந்தைகளின் உயரத்தையும் கையையும் அளந்து இருவரைத் தூக்கிப்போவாள். எதற்கென்று சொல்லமாட்டார்கள். கடைசியில் எஞ்சினின் தரைப்பலகையைத் தூக்கினால் தெரியும். நிரந்தர எஞ்சினின் ஒரு பாகம் தேய்ந்து போயிற்று, மாற்றுப் பாகம் கிடையாது. அந்த இடத்தில் நுழைந்து கையால் அள்ளித் தள்ள ஐந்து வயதுக்குட்பட்ட உடம்புதான் தோதுப்படும். பெடலை மிதிப்பது யார் என்ற கேள்விக்கு இப்படி ஒரு பதிலைப் போங் வைத்திருப்பார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இயற்பியல் கணக்கு இப்போதும் உதைக்கிறது. ஆனால் அந்தப் பள்ளத்துக்குள் குனிந்து வேலை செய்யும் பையன் நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த பிடியை அள்ளுவதைப் பார்த்த பிறகு, வெப்ப இயக்கவியல் பேச ஒருவருக்கு மனம் வராது.

கடைசிப் பெட்டியில் சரியாக 74 சதவீதம் பேர் சாக வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது மேலிடம். மீன்தொட்டிப் பெட்டியில் சூஷி ஆண்டுக்கு இரண்டு தடவை, ஜனவரியிலும் ஜூலையிலும் மட்டும். மீன்களின் எண்ணிக்கை சரியாக இருக்கவேண்டுமாம். மீனுக்குப் போடும் அதே கணக்கைத்தான் மனிதருக்கும் போடுகிறார்கள் என்று படம் வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டு காட்சிகளையும் பார்த்தவர் தானே கூட்டிக்கொள்வார். மாடு எங்கே என்று கேட்க நினைத்த வாய் அங்கே அடைபடுகிறது.

போங்கின் கேமராவும் இந்தச் சூழ்ச்சிக்கு உடந்தை. படத்தை ஒரு முறை சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்தால் பிடிபடும். திரையின் வலப்பக்கம் எப்போதும் எஞ்சின், இடப்பக்கம் கடைசிப் பெட்டி. ஏறக்குறைய படம் முழுக்க இந்த ஒழுங்குதான். கர்ட்டிஸ் வலப்பக்கம் பார்த்தால் போகவேண்டிய இடத்தைப் பார்க்கிறார், இடப்பக்கம் பார்த்தால் விட்டுவந்த ஆட்களைப் பார்க்கிறார். இருட்டுக் குகைக்குள் கோடரிச் சண்டை நடந்து முடிகிற தறுவாயில், இடப்பக்கம் அவருடைய தம்பிபோன்ற எட்கரின் கழுத்தில் கத்தி. வலப்பக்கம், ஷூ பாடம் நடத்திய அந்தப் பெண் அதிகாரி மேசன் தப்பியோடுகிறார். மேசனைப் பிடித்தால் கலகம் ஜெயிக்கும். கர்ட்டிஸின் முகம் இடப்பக்கம் திரும்பி, வலப்பக்கம் திரும்பி, ஒரு கணம் நிற்கிறது. பிறகு வலப்பக்கம் நடக்கிறார். எட்கரின் உயிர் போகிறது. வசனம் ஒன்றும் இல்லை.

அந்த ஒரு திருப்பத்தின் கனம் வெகுநேரம் கழித்துத்தான் விளங்கும். எஞ்சின் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கர்ட்டிஸ் தன் கதையைச் சொல்கிறார். ரயில் கிளம்பிய முதல் மாதம் கடைசிப் பெட்டிக்குச் சோறும் தண்ணீரும் இல்லை. மனிதர் மனிதரைத் தின்றார்கள். ஒரு தாயைக் கொன்றுவிட்டு, அவள் கைக்குழந்தையை வெட்டப்போனது கர்ட்டிஸ்தான். அப்போது கில்லியம் என்ற பெரியவர் தன் கையை வெட்டிக் கொடுத்து, குழந்தைக்குப் பதில் இதைத் தின்னுங்கள் என்றார். அந்தக் குழந்தை எட்கர். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கையையும் காலையும் கொடுத்தார்கள். கர்ட்டிஸும் முயன்றார், துணிச்சல் வரவில்லை. இரண்டு கையும் முழுசாக இருப்பதே அவருடைய அவமானம்.

முதல் காட்சியில் ஓட்டைக்குள் போன கை, கில்லியத்தின் இல்லாத கை, கர்ட்டிஸின் வெட்கப்படும் கை. கடைசியில், எஞ்சினுக்குள் சிக்கிய பையனை வெளியே எடுக்கச் சுழலும் சக்கரத்துக்குள் கர்ட்டிஸ் தன் கையைக் கொடுக்கும்போது பல ரசிகர்களுக்குத் தொண்டை அடைக்கிறது. கைகளின் இந்தக் கணக்கில் மட்டும் ஒரு பைசா குறையவில்லை. தண்டவாளத்தின் கணக்கில் எவ்வளவு குறைந்தாலும் இதை வைத்துச் சரிக்கட்டிவிடுகிறார் போங்.

இரண்டு கொரியர்களின் கதையிலும் அப்படித்தான். கதவுகளைத் திறக்கத் தெரிந்த நாம்குங் மின்சூவாக சாங் காங் ஹோ, அவர் மகள் யோனாவாக கோ ஆ சங். ஒரு கதவு திறந்தால் இரண்டு கட்டி 'குரோனோல்' என்பது கூலி. தொழிற்சாலைக் கழிவில் செய்த போதைப்பொருள் அது. உலகமே அழிந்த பிறகும் இவர்களுக்குப் போதை கேட்கிறதே என்று ரசிகர் சலித்துக்கொள்வார். சலித்துக்கொள்ளட்டும் என்றுதான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். குரோனோல் பற்றி எரியக்கூடியது. அப்பாவும் மகளும் சேர்த்தது வெடிமருந்து. எல்லோரும் முன்னால் இருக்கும் கதவையே பார்த்துக்கொண்டிருக்க, மின்சூவின் கண் மட்டும் பக்கவாட்டில். 17 ஆண்டு மூடியே கிடந்ததால் எல்லோரும் சுவர் என்று நினைத்துவிட்ட வெளிக்கதவு அது.

அர்த்தமே இல்லாத இடங்களும் படத்தில் உண்டு, அவற்றையும் போங் விட்டுக்கொடுக்கவில்லை. கோடரிச் சண்டைக்கு முன், முகமூடி போட்ட அடியாட்கள் ஒரு முழு மீனை எடுத்து வயிற்றைக் கிழித்து, கோடரிகளை அதன் ரத்தத்தில் தோய்ப்பார்கள். ஏன்? தெரியாது. அமெரிக்க உரிமையை வாங்கிய ஹார்வி வைன்ஸ்டீன் படத்தில் இருபது நிமிடத்துக்கும் மேல் வெட்டச் சொன்னபோது, அந்த மீனும் வெட்டுக்கு வந்தது. போங் அந்த நேரத்தில் ஒரு பொய்யை எடுத்துவிட்டார்: என் அப்பா மீனவர், அந்தக் காட்சி அவருக்கு என் காணிக்கை. குடும்பம் என்றால் முக்கியமாயிற்றே என்று வைன்ஸ்டீன் உருகி, காட்சியை விட்டுவிட்டார். போங்கின் தந்தை மீன் பிடித்தவரே அல்ல, வடிவமைப்புத் துறையில் இருந்தவர். இழுபறியின் முடிவில் 2014-இல் அமெரிக்காவில் படம் வெட்டில்லாமலே வந்தது. ஆனால் தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய திரையரங்குகளில் மட்டும்.

அந்த மீனுக்குக் காரணம் தேடினால் கிடைக்காது. ஆனால் சண்டை தொடங்குவதற்கு முன் இருண்ட பெட்டியில் அந்த ஈரச் சத்தம் கேட்கும்போது முதுகுத்தண்டில் ஏதோ ஊர்கிறது. நடுச்சண்டையில் ரயில் ஒரு பாலத்தைக் கடக்கிறது, அதுதான் புத்தாண்டு என்பதற்கு அடையாளம். ரத்தம் சொட்டச் சொட்ட அடியாட்கள் கோடரியைத் தாழ்த்திப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்கிறார்கள். பெட்டிகளைப் பிராகா நகரின் பாரண்டோவ் ஸ்டூடியோவில் அசையும் மேடைமேல் கட்டியிருந்தார்கள். தரை நிஜமாகவே ஆடியது, நடிகர்கள் நிஜமாகவே தள்ளாடினார்கள். இயற்பியலை ஏமாற்றிய ரயில் உடம்பை ஏமாற்றவில்லை.

ஓட்டைகள் நிறைய இருப்பதில் ரசிகர்களுக்கு ஒரு லாபமும் உண்டு. ஆளாளுக்கு அதில் குடியேறுகிறார்கள். 1971-இல் வந்த 'வில்லி வோங்கா அண்ட் தி சாக்லேட் ஃபேக்டரி' படத்தின் தொடர்ச்சிதான் 'ஸ்னோபியர்சர்' என்று சாதிக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் அறையாகக் கடந்து போவது, வழியில் ஆட்கள் ஒவ்வொருவராகக் கழிவது, கடைசி அறையில் வாரிசைத் தேடும் கிழட்டு முதலாளி. சாக்லேட் ஆலைக்குப் பரிசுச்சீட்டு வாங்கிப்போன சிறுவன் சார்லிதான் வளர்ந்து வில்ஃபோர்டு ஆனான் என்பது அவர்கள் கட்சி. விளையாட்டாகக் கேட்டால், பொருந்தத்தான் செய்கிறது. மறுபக்கம், 2020-இல் இதே கதை தொலைக்காட்சித் தொடராக வந்தது. ரயிலுக்கு 1,001 பெட்டிகள் என்று எண்ணிக்கை சொல்லி, யார் எங்கே தூங்குகிறார்கள், எது பழுதானால் யார் சரிசெய்கிறார்கள் என்று நான்கு சீசன்களுக்கு ஓட்டைகளை அடைத்தார்கள். பார்க்கலாம், குறையொன்றுமில்லை. ஆனால் ரயிலில் மாடுகளைக் காட்டியதும் கனவு கலைந்து கால அட்டவணை கைக்கு வந்துவிட்டது.

போங்கின் ரயில் கடைசியில் கவிழ்கிறது. குரோனோல் வெடித்து, பனிச்சரிவு இறங்கி, பெட்டிகள் சரிந்து கிடக்கின்றன. வெளியே வருவது பதினேழு வயது யோனாவும், எஞ்சினிலிருந்து மீட்ட சின்னப் பையனும். இருவருமே ரயிலில் பிறந்தவர்கள், ஆடாத தரையில் இதுவரை நின்றதில்லை. கம்பளிக் கோட்டைப் போர்த்திக்கொண்டு பனியில் தடுமாறி நடக்கிறார்கள். தூரத்து மேட்டில் ஒரு பனிக்கரடி நின்று அவர்களைத் திரும்பிப் பார்க்கிறது. படம் அவ்வளவுதான்.

பனிக்கரடிக்கு ஆகாரம் சீல். சீலுக்கு மீன். கரடி இருக்கிறது என்றால் எங்கோ கடல் திறந்திருக்கிறது, மீன் இருக்கிறது, 17 ஆண்டும் வெளியே உயிர் வாழ்ந்துகொண்டுதான் இருந்தது. ஒரு தரப்பு இதைப் படத்தின் மாபெரும் ஓட்டை என்கிறது. இன்னொரு தரப்பு, வெளியே போனால் சாவு என்று முன்பெட்டி சொல்லிக்கொண்டிருந்தது பொய் என்பதற்கு இதுதான் சான்று என்கிறது. மூன்றாவதாக ஒரு சின்னத் தரப்பும் உண்டு. அவர்களுக்கு அறிவியலும் வேண்டாம், குறியீடும் வேண்டாம். அந்தக் கரடி காலையில் ஏதாவது சாப்பிட்டதா இல்லையா, அது தெரிந்தால் போதும்.